நான் துடைச்ச தண்ணி

தொண்ணூறுகளில, இங்கிலாந்தில மிச்சம் எண்ட ஊரில ஒரு மண்டபத்தைத் துப்புரவாக்கிற வேலை எனக்கு. சனிக்கிழமையில அங்க ஹெயிட்டி நாட்டு நடனம் பழக்க ஒரு அம்மா வருவா. அறுபது வயது தாண்டியும் அவவின்ரை கால் ஒரு நிமிசம் சும்மா நிக்காது.

ஒருநாள் வகுப்புத் தொடங்க முன்னம், மேளங்களுக்கு முன்னால அவ ஜக்கால தண்ணி ஊத்தினா. நான் தேய்ச்சு மினுக்கின தரை! ஓடிப்போய் மொப்பால துடைச்சன். அவ திரும்ப ஊத்தினா. நானும் திரும்பத் துடைச்சன். மேளமடிக்கிறவர் சிரிச்சிட்டார்.

"ஆரும் வழுக்கி விழுந்தால் என்ரை வேலையெல்லோ போகும்!" எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில கத்தினன்.

அவ என்ரை கையைப் பிடிச்சா. "இது எனக்கு முன்னம் ஆடிச் செத்துப்போன ஆக்களுக்கு. அவைக்கும் தாகம் இருக்குமெல்லோ?"

நான் மொப்பைக் கீழ வைச்சன். அதுக்கு முதல் மாதம்தான் யாழ்ப்பாணத்தில அப்பா செத்தவர். சண்டைக்குள்ள போக ஏலேல்லை. நான் ஒரே பிள்ளை. எள்ளும் தண்ணியும் இறைக்க அங்க ஒருத்தரும் இல்லை. அதை அவவுக்குச் சொன்னன்.

ஜக்கை என்ரை கையில தந்தா. "அப்பா ஆடுவாரோ?"

"ஐயோ, ஆடுறவையைக் கண்டாலே ஏசுவார்."

"பரவாயில்லை, ஊத்துங்கோ. இருந்து பாத்து ஏசட்டும்."

அழுகையும் சிரிப்புமாய் ஊத்தினன். மேளம் எழும்பிச்சுது.

எல்லாரும் போன பிறகு மண்டபம் முழுக்கத் துடைச்சன். அந்த ஈரத்தை மட்டும், தானாய்க் காயட்டும் எண்டு விட்டிட்டன்.