அவருடைய கூழில் நான் கலந்தது

என் கணவருக்குத் தெரியாமல், அவர் குடித்த கம்பங்கூழில் சர்க்கரை நோய் மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. ஏறக்குறைய நான்கு மாதம்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் இல்லை. சென்னையில் இருக்கும் எங்கள் மகளிடம் இல்லை. மாதா கோயில் சாமியாரிடமும் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிடும்போதெல்லாம் கோபப்பட்டேன், புறம் பேசினேன், ஞாயிறு பூசைக்குப் பிந்தி வந்தேன் என்று சின்னச் சின்னதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். உங்களிடம் சொல்கிறேன். என் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது என்பதால்தான் சொல்ல முடிகிறது போலும்...

என் பெயர் ஜெசிந்தா. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிச் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். என் கணவர் அந்தோணி, மினிபஸ் ஓட்டுநர். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைப் பக்கம் போய்த் திரும்பும் வண்டி. பத்தொன்பது வருடம் ஒரே பாதை. வழியில் எந்த வீட்டில் யார் எந்த வண்டிக்கு நிற்பார்கள் என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தபோது நான் அழவில்லை. பயந்தேன். ஏனென்றால் சர்க்கரை என்ன செய்யும் என்பதை அருகில் இருந்து பார்த்தவள் நான். என் அண்ணன் குளத்தூரில் உப்பளத்தில் வேலை பார்த்தவன். உப்புத் தண்ணீரில் நின்ற காலில் ஒரு புண். மிளகளவு. ஆறவில்லை. விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால்வரை. ஆசுபத்திரிக் கட்டிலில் இல்லாத காலைச் சொறியச் சொல்லி என்னிடம் கெஞ்சியிருக்கிறான். அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து என் வீட்டில் யார் கால் நீட்டினாலும் விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.

டாக்டரம்மா அவருக்குக் காலையில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை குறையவில்லை. “இனிப்பைக் குறைங்க, நடங்க. நாலு மாசம் கழிச்சுப் பார்த்துட்டு மாத்திரையைக் கூட்டலாமான்னு முடிவு பண்ணுவோம்” என்றார்.

நாலு மாதம்! என் அண்ணனுக்கு ஒரு விரல் போவதற்கு அத்தனை நாள் கூட ஆகவில்லையே.

இவரோ சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். துவைக்கப் போடும் சட்டைப் பையில் கடலைமிட்டாய் உறை இருந்தது. மறுநாளும் இருந்தது. கேட்டால், “அது ஒண்ணுமில்லட்டி” என்பார். அவ்வளவுதான்.

அண்ணனின் வருட நினைவுப் பூசை முடிந்த அந்த வாரம் தொடங்கினேன். அவருடைய மருந்துச் சீட்டைக் காட்டி, வேறொரு கடையில் அதே மாத்திரையை வாங்கினேன். இரவுக்கு அவர் கூழ்தான் குடிப்பார். மோர் ஊற்றிக் கரைத்த கூழில் கசப்பு தெரியவில்லை. முதலில் பாதி மாத்திரை. அவர் குடித்து முடித்து, “இன்னைக்கு நல்லாருக்கு” என்றார். பாத்திரத்தை வாங்கி உடனே கழுவிவிட்டேன். ஆனால் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்?

ஒரு மாதம் போயிருக்கும். அவருக்குத் தலைவலி வந்தது.

காலையில் எழும்போதே வலி. இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருப்பார். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும். கெட்ட கெட்ட கனவு வருகிறது என்றார். இட்லி சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் ஆனால் வலி இறங்கிவிடும். “எஞ்சின் சூடு மண்டைக்கு ஏறுது” என்று அவரே காரணம் சொல்லிக்கொண்டு, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வண்டிக்குப் போவார்.

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சர்க்கரை ஏறிய நாட்களில் அண்ணனும் தலைவலி தலைவலி என்பான். அப்படியானால் இவருக்கும் ஏறுகிறது... நான் கொடுக்கிற பாதி போதவில்லை...

பாதியை முழுதாக்கினேன்.

நூறு பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் தலைக்கு இவ்வளவு என்று அளந்து போடுகிறவள் நான். ஒரு கைப்பிடி கூடினாலும் குறைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். சொந்தப் புருஷனின் உடம்பில் எவ்வளவு போடுகிறோம் என்று மட்டும் எனக்கு ஏன் கேட்கத் தோன்றவில்லை? டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை... கேட்டிருந்தால் திட்டியிருப்பார். அந்தத் திட்டுக்குப் பயந்தேனா? இல்லை, நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று பயந்தேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தலைவலி கூடியது. ஒரு நாள் காலையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தவர், பெயர் வராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் டாக்டரம்மாவிடம் போனோம்.

இரத்தம் எடுத்தார்கள். இரத்த அழுத்தம் பார்த்தார்கள்; சரியாக இருந்தது. கண்ணுக்கு மருந்து விட்டு உள்ளே பார்த்தார்கள், அதுவும் சரி. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, “சுகர் நல்லா இறங்கியிருக்கே” என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பரிசு வாங்கிய பிள்ளையின் சிரிப்பு. அது எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. என் மாத்திரை செய்த வேலை என்று மனசுக்குள் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு டாக்டரம்மா சொன்னார்: “தலைவலிக்குப் பல காரணம் உண்டு. தண்ணி குடிக்காம வெயில்ல கிடந்தா வலிக்கும். கண்ணாலயும் வரும், பிரஷராலயும் வரும். சுகர் கூடினாலும் வலிக்கும், ரொம்பக் குறைஞ்சாலும் வலிக்கும். காலையில எந்திரிக்கும்போதே வலி, வேர்வை, கெட்ட கனவு, சாப்பிட்டா சரியாகுது... இதைப் பார்த்தா ராத்திரியில சுகர் ரொம்ப இறங்குதோன்னு தோணுது. ஆனா ஒரு மாத்திரைக்கு இவ்வளவு இறங்காதே. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுதீங்களா?”

“ஒண்ணுதான் டாக்டர். வேணும்னா இவகிட்டக் கேளுங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அறைக்குள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த இடத்தில், அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

“ஒண்ணுதான்” என்றேன்.

வாயைத் திறந்திருக்கலாம். நீங்களாக இருந்தால் திறந்திருப்பீர்கள். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

டாக்டரம்மா விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கச் சொன்னார். மூன்று நாள் விடியலில் பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். அதிலும் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் தலையை ஸ்கேன் எடுக்கலாம் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்து கறுத்துக் கிடந்த கரிசல் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் நெருங்கும்போது மெல்லக் கேட்டார்.

“ஏட்டி, மூளையில கட்டி கிட்டி இருக்குமோ?”

“அப்படியெல்லாம் இருக்காது.”

“எனக்குப் பயமா இருக்கு ஜெசி.”

கல்யாணமான இருபத்து மூன்று வருடத்தில் அந்த மனிதர் பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கட்டி நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அன்று மாலை கூழ் கரைக்கும்போது மாத்திரையைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். செய்யவில்லை. திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை ஏறிவிடுமோ என்று ஒரு பயம். ஒரே நாளில் தலைவலி நின்றுபோனால் சந்தேகம் வருமோ என்று இன்னொரு பயம். இன்றைக்குப் பாதி, நாளைக்குக் கால், பிறகு நிறுத்திவிடலாம்... அப்படிக் கணக்குப் போட்டேன். பாதியைப் போட்டேன்.

மறுநாள் விடியலில் அவரை எழுப்பி விரலில் குத்தினேன். மெஷின் ஐம்பத்து நாலு என்று காட்டியது.

அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எண் தெரியாது. “எம்புட்டு?” என்றார்.

“நூத்திப் பத்து” என்றேன்.

இதுதான் நான் சொல்ல வந்தது. கூழில் கலந்ததைக்கூட அறியாமை என்று யாராவது ஒருநாள் ஒதுக்கிவிடலாம். இதை ஒதுக்க முடியாது. தெரிந்தே சொன்னேன்.

அடுக்களைக்கு ஓடிக் காப்பி போட்டேன். மூன்று கரண்டி சீனி. அதைக் குடித்துவிட்டால் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். அவர் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்து, “என்னட்டி, சீனியப் போட்டுட்ட?” என்று டம்ளரைத் தள்ளி வைத்தார்.

“இன்னைக்கு ஒரு நாள் குடிங்க.”

“வேண்டாம்.”

“தலைவலிக்கு நல்லது. குடிச்சிட்டுப் போங்க.”

“வேண்டாம்னா விடு. டாக்டரம்மா நேத்துதான நல்லாருக்குன்னு சொன்னாவ.”

இட்லி வேகவில்லை. முதல் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று, காலை மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்றேன். போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும்...

போகவிட்டேன்.

பசுவந்தனைக்கு முன்னால் ஒரு வளைவு. பத்தொன்பது வருடம் திரும்பிய அந்த வளைவில் அவர் திரும்பவில்லை. வண்டி நேரே உளுந்துக் காட்டுக்குள் இறங்கியது. மழையில் ஊறிய கரிசல் சகதி சக்கரத்தை விழுங்கிப் பிடித்துக்கொண்டது. அதனால் வண்டி கவிழவில்லை. காய்ந்த காலமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? இருபதுக்கு மேல் ஆட்கள். பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

களையெடுக்க அந்த வண்டியில் போய்க்கொண்டிருந்த எங்கள் ஊர் மாரியம்மாள் மட்டும் சீட்டுக் கம்பியில் மோதித் தோள்பட்டை முறிந்துபோனாள்.

ஆசுபத்திரிக்கு நான் ஓடியபோது அவருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் நடத்துநர் செல்வம் சட்டையெல்லாம் சகதியோடு நின்றான். அவருக்குத் தம்பி மாதிரி. என்னை மதினி என்றுதான் கூப்பிடுவான்.

“ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காவ மதினி. கூப்பிட்டா திரும்பிப் பாக்காவ, ஆள் தெரியல. சுகர் இறங்கியிருக்கும், இனிப்பு குடுங்கன்னு ஒரு அம்மா சொன்னாவ. அண்ணாச்சி பையில மிட்டாய் இருந்துச்சு. அதத்தான் வாயில வச்சேன்.”

“மிட்டாய்தான் எப்பவும் இருக்குமே” என்றேன். எனக்கு ஏதோ கோபம்.

செல்வம் என்னைப் பார்த்தான். “அது பிள்ளையளுக்கு வாங்குதது மதினி. அவிய வாயில வச்சு நாலு மாசமாச்சு. உங்க அண்ணன் பூசையில நீங்க அழுததப் பாத்தாவளாம். அன்னைக்கே விட்டுட்டாவ. கடைசி நடை முடிஞ்சு வண்டிய ஷெட்டுல விட்டுட்டு தெனமும் நடக்கவும் செய்தாவ. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாவ. டாக்டரம்மா வாயால அவ கேக்கட்டும், அப்பம் அவ முகத்த நான் பாக்கணும்னாவ.”

அண்ணன் பூசை என்றைக்கு நடந்தது என்று எண்ணிப் பார்த்தேன்.

ஒரே வாரம். அவர் எனக்காக இனிப்பை விட்ட அதே வாரத்தில் நான் அவர் கூழில் மாத்திரையைப் போடத் தொடங்கியிருக்கிறேன். டாக்டரம்மா முன்னால் சிரித்த அந்தச் சிரிப்பு அதற்குத்தான். நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

மெஷினில் பழைய எண்கள் அழியாமல் நிற்கும் என்று கேள்விப்பட்டேன். அன்றே அதைத் தண்ணீர் வாளியில் போட்டேன். கை தவறி விழுந்துவிட்டது என்றேன். டாக்டரம்மா அவருடைய மாத்திரையைப் பாதியாக்கினார். இனிப்பை விட்டு நடக்கத் தொடங்கிய உடம்புக்கு ஒரு மாத்திரையே கூடிப்போயிருக்கும், வெறும் வயிற்றில் வேறு போட்டிருக்கிறார் என்று டாக்டரம்மாவே ஒரு விளக்கத்தைச் சொல்லிக்கொண்டார். நான் தலையாட்டினேன். கூழில் மாத்திரை கலப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். தலைவலி அதன் பிறகு வரவில்லை.

மாரியம்மாளின் மகள் எங்கள் சத்துணவு மையத்தில்தான் சாப்பிடுகிறாள். அவளைக் கூட்டிப் போக வரும்போது மாரியம்மாள் இடது கையால்தான் பையை வாங்குகிறாள். வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. “டீச்சர், அண்ணாச்சிக்கு இப்பம் தேவலையா?” என்று கேட்காமல் போகமாட்டாள். தேவலை என்கிறேன். அவளுடைய மகளுக்கு ஒரு முட்டை கூடுதலாக வைக்கலாம் என்று கை போகும். அது எதற்கு என்று எனக்கே தெரிவதால் கையை இழுத்துக்கொள்வேன்.

அவர் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. ஓட்டலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முதலாளியும் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். “இருபது உசிரு பின்னால இருக்கு. என் மண்டைய நான் எப்படி நம்புவேன்?” என்று சொல்லிவிட்டார். காலையில் கண் விழித்ததும் நெற்றியை அழுத்தி அழுத்திப் பார்க்கிறார். வலி இல்லை என்று தெரிந்த பிறகுதான் எழுந்திருக்கிறார். அதுவரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கிறேன்.

சொல்லிவிட்டால் அவர் மறுபடியும் ஸ்டியரிங்கைத் தொடுவார் என்று எனக்குத் தெரியும். உங்கள் தலையில் ஒன்றும் இல்லை, எல்லாம் நான் என்று ஒரு வரி போதும்... அந்த ஒரு வரிக்குப் பிறகு என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா?

போன மாதம் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். “இனிமே நீயே எடுத்துக் குடு ஜெசி. நான் எடுத்தா மறந்து ரெண்டு போட்டுருவேனோன்னு இருக்கு. உன் கையில இருந்தாத்தான் எனக்கு நிம்மதி” என்றார்.

தினமும் காலையில் பாதியாக உடைத்துக் கொடுக்கிறேன். அவர் உள்ளங்கையை நீட்டுகிறார். வைக்கிறேன். என்ன வைத்தேன் என்று குனிந்துகூடப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்கிறார்.