விண்ணப்பிக்கச் சொன்னவன் நான்

என் மகள் எஸ்தர் கனடாவின் டொராண்டோ நகரில் நாற்பது நாள் சிக்கிக் கிடந்தாள். அவளை அங்கே சிக்க வைத்தவன் நான். நம் சபையில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்கும் தெரியட்டும் என்றே எழுதுகிறேன்.

எனக்கு வயது எழுபத்திரண்டு. ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். குரோம்பேட்டையில் வீடு. எஸ்தர் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய விசா காலாவதியாகியிருந்தது. படிப்பு நடக்கும்வரை அங்கே தங்கத் தடையில்லை; வெளியே போய்த் திரும்பத்தான் புது விசா வேண்டும். அதிலும் ஒரு சலுகை உண்டு. கனடாவுக்குப் போய் முப்பது நாளுக்குள் திரும்பினால், மற்ற காகிதங்கள் சரியாக இருந்தால், பழைய விசாவோடே உள்ளே விடுவார்கள்.

அக்டோபரில் டொராண்டோவில் ஒரு கருத்தரங்கு. கூடப் படிக்கும் ஹரீஷும் போனான். அவன் விசாவும் முடிந்ததுதான்.

"நாலே நாள்தான்ப்பா. ஞாயித்துக்கிழமை திரும்பிடுவோம்" என்றாள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. முடிந்துபோன விசாவோடு என் பெண் எல்லையில் நிற்பதா?

"போறதே போற, அங்கேயே புது விசாவுக்கும் போட்டுடு" என்றேன்.

"தேவையே இல்லப்பா."

பதினொரு முறை போன் செய்தேன். பன்னிரண்டாவது முறை, "சரிப்பா, உங்க நிம்மதிக்காகப் போடறேன்" என்றாள். விதி என்ன என்று கல்லூரி அலுவலகத்தில்கூட அவள் விசாரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டொராண்டோவில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். கூடுதல் பரிசோதனை என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹரீஷ் ஒரு கேள்வியும் இல்லாமல் எல்லையைத் தாண்டினான். எஸ்தர் அங்கேயே நின்றுவிட்டாள்.

அன்று அந்த விதியை மறுபடி எடுத்துப் படித்தேன். அந்தப் பயணத்தில் புது விசாவுக்கு விண்ணப்பித்தவருக்குச் சலுகை கிடையாது என்று நான்கு வரி கீழே இருந்தது. முப்பது என்ற எண்ணைப் பார்த்ததும் நான் படிப்பதை நிறுத்தியிருந்தேன்.

நவம்பர் கடைசிக்குள் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று பேராசிரியர் எழுதிவிட்டார். எஸ்தர் யாரோ ஒருவர் வீட்டு நிலவறையில் வாடகைக்கு இருந்தாள். ஜன்னலில் நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும் என்றாள். அந்தக் கால்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. சோற்றில் கை வைத்தால் அவை நடந்தன. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் கூரைக்கு மேல் தாழ வரும். ஒவ்வொன்றையும் எண்ணினேன். அவள் எதிலும் இல்லை என்று தெரிந்தே எண்ணினேன். ஹரீஷுக்குத் தகப்பனார் இல்லை. புத்தி சொல்ல ஆளில்லாததால்தான் அவன் போய்ச் சேர்ந்தான் என்ற நினைப்பு என்னை விட்டு அகலவே இல்லை.

வெள்ளிதோறும் மெர்சி சிஸ்டர் வீட்டில் உபவாச ஜெபம். அவர் ஓய்வு பெற்ற நர்ஸ். நான்கு வெள்ளியும் ஒரே விண்ணப்பம் வைத்தேன்: அதிகாரிகளின் மனம் இளக வேண்டும். முப்பதாம் நாள் கடந்தபோது, அந்தக் கணக்குக்கு இனி அர்த்தமில்லை என்று தெரிந்தும் அழுதேன்.

ஐந்தாம் வெள்ளி கிளம்பும்போது என் மனைவி ராணி சொன்னாள்: "ஆபீசர் மனசு இளகணும்னு கேக்கறீங்க. உங்க வாய் இன்னும் இளகலையே."

அங்கே போனதும் மெர்சி சிஸ்டர், "என்ன பிரதர், அதே ஜெபக் குறிப்புதானா?" என்றார்.

"இல்ல சிஸ்டர். அவளை மாட்டி விட்டதே நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு முறை போன் செய்ததையும் சொன்னேன். சிஸ்டர் கையிலிருந்த வேதாகமத்தை மூடினார்.

"உங்களைத் தண்டிக்கத்தான் ஆண்டவர் உங்க பொண்ணைப் புடிச்சு வெச்சிருக்காருன்னு நெனச்சீங்களா? அவருக்கு வேற வேலை இல்லையா? முட்டி போடுங்க" என்றார்.

ஜெபித்தோம். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு முதல் வாரமே தெரியும்ப்பா. நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் சொல்லல."

இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்து, ஐந்து வாரம் வானிலை பேசியிருக்கிறோம்.

மறுநாள் சனிக்கிழமை காலை அவளிடமிருந்து செய்தி வந்தது. விசா தயார். செவ்வாய்க்கிழமை எல்லையைத் தாண்டினாள். உதவித்தொகை நிற்கவில்லை. ஆண்டவருக்கே மகிமை.

பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். போன மாதம் எஸ்தர் மறுபடியும் டொராண்டோ போவதாகச் சொன்னாள். என் வாய்வரை ஏழு கேள்விகள் வந்தன. "போயிட்டு வாம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். பிறகு அறைக்குள் போய், அந்த ஏழு கேள்விகளையும் ஆண்டவரிடம் கேட்டேன். பிள்ளைகளைத் தூர தேசத்துக்கு அனுப்பியிருக்கிற பெற்றோரே, நீங்களும் அவரிடமே கேளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் அவருக்குச் சலிப்பதில்லை.