போளூருக்குச் சொல்லிவிட்ட கேதம்

அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளின் வணக்கம். இப்படிப்பட்ட மலரில் எல்லோரையும் நல்லவிதமாகத்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொன்னான். அச்சுக்குப் போகும் முன் காட்டச் சொன்னான். நான் காட்டவில்லை. கோடைக்கானல் நாயுடுபுரத்தில் ஜெராக்ஸ் கடையும் டைப்பிங்கும் வைத்திருப்பவள் நான். ஒவ்வோர் எழுத்தையும் அடித்தவளும் நான்தான். போளூர்ப் பெரிய வீட்டுக்கும் பத்துப் பிரதிகள் தபாலில் போகின்றன. அவர்களும் படிப்பார்கள் என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தார். பிறகு தோட்டத்து வேலையில் பெயர் பதிந்துவிட்டார்கள். எழுபதுகளில், இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர்களின் பட்டியலில் எங்கள் குடும்பமும் வந்தது. நான் அப்போது கைப்பிள்ளை அல்ல, கப்பலில் வாந்தியெடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. மண்டபம் முகாமில் சொந்த ஊர் எது என்று கேட்டபோது தாத்தா கொஞ்சமும் தயங்காமல், "போளூர், கோடைக்கானல் மலை" என்றார். அந்த ஊரை அவர் கண்ணால் கண்டதே இல்லை. அவருடைய அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த ஊர் அது.

மலைக்கு வந்து சேர்ந்தோம். வாட்டில் மரத்துக்குப் பட்டை உரிக்கும் வேலை கிடைத்தது. காட்டுக்குள் பிளாஸ்டிக் தாள் போர்த்திய கொட்டகையில் குடியிருந்தோம். வந்த வருடமே குளிர் தாங்காமல் தாத்தா இறந்துபோனார். பங்காளிகளுக்குக் கேதம் சொல்ல வேண்டும் என்று அப்பா போளூருக்குப் போனார். பெரிய வீட்டு வாசலில் நின்று, தான் யாருடைய பேரன் என்று சொன்னார். அந்த வீட்டுக்காரர் சொன்ன பதில் இது:

"எங்க வகையறாவுல கடல் தாண்டுனவன் எவனும் இல்லலே. வட ஆற்காட்டுப் பக்கம் இன்னொரு போளூர் கெடக்கு. அங்க போயி விசாரி."

தன் அப்பாவைப் பிணமாகக் கிடத்திவிட்டு வந்து நின்ற மனிதரிடம் சொன்ன வார்த்தை அது. ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்டப் பங்காளிகள் சேர்ந்து போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வர வேண்டும். அதை நீர்மாலை என்பார்கள். தாத்தாவுக்கு அப்பா ஒற்றை ஆளாக எடுத்து வந்தார். கூட்டத்தில் எவளோ ஒருத்தி, "பங்காளி இல்லாத பொணம்" என்றாள். அப்பா அந்தச் சொல்லை அதற்குப் பிறகு முப்பது வருடம் சுமந்தார். நிலத்துக்காக அலைந்தார் என்று இன்றைக்கும் சிலர் பேசுகிறீர்கள். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டில் ஒரு சாவு என்றால் எங்களுக்குச் சொல்லிவிட வேண்டும், எங்கள் வீட்டில் ஒன்று என்றால் அவர்கள் வர வேண்டும்.

அந்த வீட்டுக்காரரை இனி நான் பெரியப்பா என்றே எழுதப்போகிறேன். ஒருமுறை கோடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அப்படிக் கூப்பிட்டதற்கு, "யாருக்கு யாரு பெரியப்பா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர். முறைப்படி அவர் எனக்குப் பெரியப்பாதான். பிடிக்காவிட்டால் படிக்காமல் இருக்கலாம்.

பட்டை உரிப்பு, உருளைக்கிழங்கு தோண்டுவது, பிறகு லாரிக்குக் காய்கறி மூட்டை ஏற்றுவது என்று அப்பா உழைத்தார். நானும் தம்பியும் பள்ளிக்கூடம் போனோம். அப்பா குடித்ததில்லை, யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. பேச வேண்டும் என்பதைக் 'கதைக்க வேண்டும்' என்பார். அதற்கே சிலோன்காரர் என்று சிரிப்பார்கள். இங்கே இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களிலும் அப்படிச் சிரித்தவர்கள் உண்டு, எனக்கு முகம் தெரியும். முழங்கால் போய் மூட்டை தூக்க முடியாமல் ஆனபோது இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. மறுபடியும் போளூருக்குப் போனார். பெரியப்பா இந்த முறை, "எழுத்துல காட்டு, ஒத்துக்கிறேன்" என்றார். அலையவிட்டால் ஓய்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருப்பார். அப்பாவைத் தெரியாமல் போட்ட கணக்கு.

கையில் இருந்தது கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையும், தோட்டத்துப் பெயர்ப்பதிவில் தாத்தா வாங்கி வைத்திருந்த ஒரு நகலும். அந்த நகலில் தாத்தாவின் அப்பா பெயர் பழனியாண்டி, அவருடைய தகப்பன் பெயர் கருப்பண்ணன், ஊர் போளூர் என்று இருந்தது. அடுக்கம் வழியாக நடந்து இறங்கிப் பெரியகுளத்தில், தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு சேர்ந்தவர் பழனியாண்டி. நிலத்தை உழுத குடும்பம் என்றால் நிலப் பதிவேட்டில் பெயர் இருக்கும் என்று அப்பா சொன்னார். வாரத்தில் என் கடைக்கு விடுமுறை ஒரே நாள். அன்றைக்கு அலுவலகமும் இருக்காது என்பதால், வேலை நாளில் கடையைப் பூட்டிக்கொண்டு அவரோடு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. எரிச்சலாக இருக்கும். திட்டியும் இருக்கிறேன். பழைய பதிவேடுகள் இருந்த அறையில் எங்களை ஐந்து முறை திருப்பி அனுப்பினார்கள். ஆறாவது முறை அங்கிருந்த எழுத்தர் ஒருவர், "என்ன சோலியாத்தான் இப்பிடி அலையுறீங்க பெரியவரே?" என்று உட்கார வைத்துக் கேட்டார்.

"பங்காளின்னு காட்டணுங்க ஐயா. சுணங்காம ஒருக்கா பாத்துக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார் அப்பா.

அவர் தேடி எடுத்துக் கொடுத்தார். மலைச்சரிவில் முதன்முதலாகக் காடு திருத்திய நிலத்துக்குக் கருப்பண்ணன் மக்கள் பழனியாண்டி, வேலாண்டி என்று கூட்டாக இரண்டு பெயர். அதற்குப் பிந்திய பதிவேட்டில் வேலாண்டி மட்டும். வேலாண்டியின் பேரன்தான் பெரியப்பா. அப்பா அந்தப் பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. அண்ணன் பெயர் எப்படிக் காணாமல் போனது என்றுதான் கேட்கத் தோன்றியது.

நகலை எடுத்துக்கொண்டு போளூருக்குப் போனோம். நானும் கூடப் போனதால் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். பெரியப்பா பூண்டு மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு நாற்காலி இல்லை.

"பழனியாண்டியா? இந்த மலையில தடுக்கி விழுந்தா ஒரு பழனியாண்டி மேலதான் விழணும். அதுல உன் தாத்தன் எவன்னு எனக்கென்ன தெரியும்?" என்றார்.

நிலத்தில் பாத்தியதை கேட்க மாட்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதித் தருவதாக அப்பா சொன்னார். பெரியப்பா சிரித்தார். "நெலம் வேண்டாம்ங்கிறவனைத்தான் நம்பவே கூடாது. சோலியப் பாத்துட்டு வெரசா கெளம்புங்க, மழை வருது."

மழை வரவில்லை. பஸ்ஸுக்காக இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றோம். இனி இந்தப் பக்கம் வந்தால் என்னிடம் பேசாதீர்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த மாதமே பழனிக்குக் கிளம்பினார்.

பழனியில் கோயில் கைங்கரியம் செய்யும் சில வீடுகளில், எந்த ஊர்க்காரர் எந்த வீட்டில் தங்குவது என்று தலைமுறை தலைமுறையாக ஏற்பாடு உண்டு. காவடியோடு வந்து தங்கியவர்களின் வம்சத்தை நோட்டில் எழுதி வைப்பார்கள். போளூர்க்காரர்கள் தங்கும் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தோம். அந்த வீட்டு அம்மாள் முதலில், "பரண்ல கெடக்குங்க, எலி தின்னுருக்கும்" என்றார். பிறகு அவரே ஏணி வைத்து ஏறி, தூசி தட்டி, துணி சுற்றிய நோட்டை இறக்கி வைத்தார். எங்களால் அந்தக் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை. அவரே படித்துச் சொன்னார்.

தாராபுரத்துப் பக்கமிருந்து எருதோடும் விதை தானியத்தோடும் மலையேறிப் போளூரில் காடு திருத்தியவர் கருப்பண்ணன். அவர் மக்கள் இரண்டு பேர். மூத்தவன் பழனியாண்டி, கண்டிச் சீமை போனான். இளையவன் வேலாண்டி.

"இன்னொரு தடவை படிங்கம்மா" என்று அப்பா கேட்டார். அவர் மூன்று தடவை படித்தார். எங்களுக்குச் சோறு போட்டுத்தான் அனுப்பினார். ஊர் பேர் தெரியாதவருக்கு இருந்த ஈரம் ஒரே இரத்தத்துக்கு இல்லை.

அந்தப் பக்கத்தின் நகலோடு அப்பா கடைசியாகப் போளூருக்குப் போனார். இந்த முறை தம்பி கூடப் போனான். பெரியப்பா தாளைக் கையில் வாங்கவே இல்லை. கண்ணாடி இல்லை, படிக்க முடியாது என்றார். அவர் மடியில் அன்றைய செய்தித்தாள் விரித்துக் கிடந்ததாம். தம்பி படித்துக் காட்டுகிறேன் என்றதற்கு, காது சரியாகக் கேட்பதில்லை என்றாராம். இதையெல்லாம் தம்பி சொல்லிச் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. அந்தக் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். அதன் பிறகு போளூரைப் பற்றிப் பேசவில்லை.

பட்டை உரித்த காலத்தில் பிடித்த இருமல் போன வருடம் முற்றிவிட்டது. படுக்கையில் இருந்தபோது ஒருநாள் என்னை அருகில் கூப்பிட்டார்.

"நான் போயிட்டா போளூருக்குச் சொல்லி விடும்மா."

"அவங்க வரமாட்டாங்கப்பா. எதுக்கு நம்மளே போயி அவமானப்படணும்?"

"வாறது வராதது அவங்க பாடு. சொல்றது நம்ம முறை. நீ அதுல பிசகாத."

சண்டை போட்டேன். சாகப்போகிறவரோடு சண்டை போட்டவள் என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை. நாலு நாள் கழித்துக் காலையில் காப்பி கேட்டார். ஆற்றிக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார்.

அவர் சொன்னபடியே எங்கள் தெருவில் ஜீப் ஓட்டும் முருகேசனைப் போளூருக்கு அனுப்பினேன். மதியத்துக்குள் திரும்பி வந்தான். "கல்யாண வீடுக்கா அது. பேத்திக்குக் கல்யாணமாம், வெள்ளையடிச்சுக்கிட்டு இருக்காங்க. பெரியவருகிட்டச் சொன்னேன். எவன் செத்தா எங்களுக்கென்னன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாரு" என்றான். யாரும் வரவில்லை. தம்பி ஒற்றை ஆளாகப் போய் நீர்மாலை எடுத்து வந்தான். பங்காளி இறந்தால் பதினாறு நாள் தீட்டு. அந்த வீடுகளில் கல்யாணம் காட்சி கூடாது. நாங்கள் இங்கே தீட்டில் இருக்கும்போது அங்கே மேளம் கொட்டிப் பந்தி போடுவார்கள் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாசமாகப் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். அந்தப் பெண்ணை அல்ல, அவள் தாத்தாவை.

இது நடந்து ஐந்தாறு மாதம் கழித்து, போளூரிலிருந்து ஒரு பூண்டு விவசாயி சிட்டா நகல் எடுக்க என் கடைக்கு வந்தார். சிட்டா மடங்காமல் இருக்க ஒரு கல்யாணப் பத்திரிகைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பெரிய வீட்டுப் பத்திரிகை. பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்தேன். முகூர்த்தத் தேதியின் மேல் ஒரு சின்னத் தாளை ஒட்டி வேறு தேதி அடித்திருந்தார்கள். நகத்தால் மெதுவாக உரித்தேன். அடியில் இருந்தது அப்பா இறந்த பத்தாம் நாள். மேலே ஒட்டியிருந்தது அதற்கு அடுத்த மாதத்து முகூர்த்தம்.

"ஏங்க தேதிய மாத்துனாங்க?" என்று கேட்டேன்.

"பங்காளி வீட்டுல கேதமாம், தீட்டு இருக்குன்னு பெரியவரு நிறுத்திப்புட்டாரு. மாப்ள வீட்டுல ஒரே சண்டை. பெரியவரு அசையல. பதினாறு கழியட்டும்னுட்டாரு" என்றார் அவர்.

"எந்தப் பங்காளியாம்?"

"அதத்தான் யாருகிட்டயும் சொல்லலீங்க. ஊருக்குள்ள எந்தச் சாவும் விழல."

அவர் போன பிறகு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். அப்பா இறந்தபோது அப்படி அழவில்லை. உயிரோடு இருந்தவருக்கு ஒரு நாற்காலி போட மனமில்லாதவர், பேத்தி வாழ்க்கைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று செத்தவருக்குப் பயந்து தீட்டுக் காத்திருக்கிறார். அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். தாத்தாவின் கேதத்தோடு அப்பா வாசலில் நின்றபோதும் தெரியும். அந்தப் பூண்டு விவசாயி பத்திரிகையை எனக்கே கொடுத்துவிட்டார். அதன் நகலை இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறேன், அடித் தேதியும் மேல் தேதியும் தெரியும்படியாக. மறுக்க நினைப்பவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கலாம்.

அப்பாவுக்குப் பதிவேடு தேடிக் கொடுத்த எழுத்தருக்கும், பரணில் ஏறி நோட்டை எடுத்துப் படித்த பழனி அம்மாளுக்கும், கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் ஊசி போட வந்த நர்ஸுக்கும், ஜீப்புக்கு வாடகை வாங்க மறுத்த முருகேசனுக்கும், பாடையைத் தோளில் சுமந்த நாயுடுபுரத்து அண்ணன் தம்பிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

போளூர்ப் பெரியப்பாவுக்கு நன்றி கிடையாது, ஒரு தகவல் மட்டும் உண்டு. உங்களுக்கும் வயதாகிறது. உங்கள் வீட்டில் ஒன்று என்றால் எங்களுக்குக் கேதம் சொல்லிவிட மாட்டார்கள் என்று தெரியும். பூண்டு விற்க வருகிறவர்கள் சொல்வார்கள். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நானும் தம்பியும் பதினாறு நாள் தீட்டுக் காப்போம், உங்களைப் போல ஒளித்து வைத்து அல்ல. கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்ன ஏது என்று கேட்கிறவர்கள் ஒருவர் விடாமல் எல்லோரிடமும், எங்கள் பெரியப்பா இறந்துவிட்டார் என்று சொல்லுவோம்.