நான் நிரப்பிய மூன்று கட்டங்கள்

எங்கள் மின்னஞ்சல் குழுவுக்கு ஒன்பது விதிகள் இருந்தன. ஒன்பதையும் எழுதியவன் நான். திருவனந்தபுரத்தில் எங்கள் தெருவான வலியசாலையில் பிறந்தவர்கள், அங்கே வாடகைக்கு இருந்தவர்கள், அங்கிருந்து பம்பாய்க்கும் அமெரிக்காவுக்கும் போனவர்கள் என்று நூற்றுச் சொச்சம் பேர் அதில் இருந்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வரும். வீட்டில் யாருக்காவது போன் பேச வேண்டுமென்றால் நான் குழுவை விட்டு எழுந்து வர வேண்டும்.

அரசு அலுவலகம் ஒன்றில் நான் அப்போது பிரிவு அலுவலர். கோப்பை ஒழுங்காக வைப்பதில் எனக்குப் பெயர் உண்டு. அதனால்தான் குழுவின் மட்டுறுத்துநர் வேலையும் என்னிடம் வந்தது. வருகிற கடிதங்களைப் படித்துப் பார்த்து உள்ளே விட வேண்டும். எந்தக் கடிதமும் வணக்கத்தில் தொடங்க வேண்டும், யாரைக் குறிப்பிட்டாலும் ‘அவர்கள்’ சேர்க்க வேண்டும், இழிசொல் எழுதினால் எச்சரிக்கை, மூன்று எச்சரிக்கை ஆனால் நீக்கம். ஒருவர் சொன்னதை ஆதரிப்பதென்றால் ‘வழிமொழிகிறேன்’ என்று ஒரு சொல் எழுதினால் போதும். இந்தக் கடைசி விதியைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. வளவள என்று எழுதுவது இதனால் குறைந்தது. படிக்காமலே ஆதரிப்பவர்கள் கூடினார்கள் என்பதை நான் அன்று கணக்கில் எடுக்கவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, தெருவுக்குப் புதிதாக வந்த மாமி ஒருத்தர் குடியிருந்தார். பம்பாயில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே முப்பது வயதில் ஒரு மகள். மகள் கணவனிடம் அடிபட்டு, அவனுக்குத் தெரியாமல் கிளம்பி வந்தவள் என்பதும், இருவரும் திருவனந்தபுரத்தில் இருப்பது அவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே உறவுக்காரர் யாருமில்லாத ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தப் பெண் ஸ்டாச்சூ ஜங்ஷன் பக்கம் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், காலை ஒன்பதே காலுக்கு கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்கு நடந்து போவாள் என்பதுதான். இதெல்லாம் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடம் குழுவில் பெரிய பேச்சு அடையாள அட்டை பற்றியது. ஒவ்வொருவருக்கும் அரசு ஓர் எண் கொடுத்து எல்லா விவரத்தையும் கணினியில் ஏற்றப்போகிறது என்று யாரோ எழுதினார்கள். ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர்தான் குழுவில் அதிகம் மதிக்கப்பட்டவர். என் வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள், எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பது அரசுக்கு எதற்கு என்று அவர் மூன்று நீண்ட கடிதங்கள் எழுதினார். நல்ல கடிதங்கள்தான். அந்தரங்கம் என்ற சொல் அவற்றில் பதினான்கு முறை வந்தது. நாற்பத்தோரு பேர் வழிமொழிந்தார்கள். கழக்கூட்டம் என்ற புறநகரில் மென்பொருள் வேலை பார்த்த இளைஞர் ஒருவர், அடுத்தவர் படிக்க முடியாதபடி மின்னஞ்சல்களைப் பூட்டி அனுப்பும் மென்பொருள் பற்றித் தொடர் எழுதத் தொடங்கினார். அதை நான் எண் போட்டு அச்செடுத்து வைத்தேன்.

அதே மாதம் அதே பொறியாளர் இன்னொன்றை முன்மொழிந்தார். வலியசாலைக் குடும்பத்தார் எல்லோருடைய விவரத்தையும் திரட்டி ஒரு பட்டியலாகக் குழுவின் கோப்புப் பகுதியில் வைக்க வேண்டும். பெயர், வீட்டு எண், தொலைபேசி, பிள்ளைகளின் பெயர், நட்சத்திரம், வேலை செய்யும் இடம். வெளியூரில் இருப்பவர்களுக்குச் சம்பந்தம் பார்க்க உதவும், யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் தகவல் சொல்ல உதவும். முப்பத்தெட்டு பேர் வழிமொழிந்தார்கள். முதலில் சொன்னதற்கும் இதற்கும் உள்ள முரண்பாடு எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. அரசு வேறு, நாம் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எதிர்த்தவர் ஒருவர்தான். ‘வழிப்போக்கன்’ என்ற புனைபெயரில் எழுதுபவர். ஆண் என்றே எல்லோரும் நினைத்தோம். அரசு கேட்டால் அந்தரங்கம், அடுத்த வீட்டுக்காரன் கேட்டால் சமூக சேவையா என்று அவர் கேட்டார். ஒருவனுக்குப் பயந்து ஒளிந்து வாழும் ஒரு பெண் இந்தத் தெருவில் இருந்தால் உங்கள் பட்டியல் அவளை என்ன செய்யும் என்றும் கேட்டார். அதே கடிதத்தில் இது முட்டாள்தனம் என்று எழுதியிருந்தார். விதிப்படி முதல் எச்சரிக்கை அனுப்பினேன்.

வந்த பதில்கள் எல்லாம் மரியாதையானவை. ‘முகம் காட்டத் தயங்கும் நண்பர் அவர்களுக்கு வணக்கம். நம் தெருப் பெண்களைப் பற்றித் தங்கள் கற்பனை இவ்வளவு தூரம் போவது வருத்தமளிக்கிறது’ என்று ஒன்று. ‘நண்பர் அவர்களுக்கு ஏதோ மனக்கஷ்டம் இருப்பதாகத் தெரிகிறது, நல்ல மருத்துவரின் முகவரி தர முடியும்’ என்று இன்னொன்று. இதற்கும் ஒன்பது பேர் வழிமொழிந்தார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். இழிசொல் எதுவும் இல்லை. உள்ளே விட்டேன். வழிப்போக்கன் பதிலுக்கு ‘ஆட்டு மந்தை’ என்றார். இரண்டாவது எச்சரிக்கை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொறியாளர் வீட்டில் எட்டுப் பேர் கூடினோம். புனைபெயர்க்காரர் யார் என்று மட்டுறுத்துநருக்குத் தெரியும், அவர் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். சேரும்போது தந்த விவரம் என்னிடம் இருந்தது உண்மை. உறுப்பினர் விவரத்தை வெளியிடக்கூடாது என்பது ஏழாம் விதி, நானே அதைத் திறந்து பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன் என்றேன்.

“செரி, பார்க்கண்டாம்” என்றார் பொறியாளர். “பேரில்லாத ஆள் எதிர்த்தா அது எதிர்ப்பாகுமோ ஓய்? மொட்டைக் கடுதாசியாக்கும் அது. ஆபீஸ்ல மொட்டைக் கடுதாசி வந்தா என்ன பண்ணுவீர்?”

“ஃபைல் பண்ணி மூடிடுவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதிர்ப்பு இல்லை என்று முடிவானது. மூன்றாம் நாள் வழிப்போக்கன் ‘கோழைகளே’ என்று தொடங்கி ஒரு கடிதம் அனுப்பினார். வணக்கமும் இல்லை. மூன்றாவது எச்சரிக்கையையும் நீக்க அறிவிப்பையும் ஒரே கடிதத்தில் அனுப்பினேன். விதி எண்களைக் குறிப்பிட்டிருந்தேன்.

பட்டியலைத் தயாரிக்கும் வேலையும் எனக்கே வந்தது. படிவங்களை வீடு வீடாகக் கொடுத்து வாங்கினேன். மாமியின் படிவத்தில், எங்கும் பலருக்கு உள்ள அவர் பெயரும் வீட்டு எண்ணும் தொலைபேசி எண்ணும் மட்டும் இருந்தன. மகளின் பெயர், நட்சத்திரம், வேலை செய்யும் இடம், மூன்றும் வெறுமை. கொடுக்கும்போது, “இவ்வளவு போரும்” என்றார். கண்ணாடி போடாமல் எழுதியிருப்பார், எழுதச் சோம்பியிருப்பார் என்று நினைத்தேன். எழுபத்திரண்டு வரிகள் நிறைந்த பட்டியலில் அந்த ஒரு வரி மட்டும் பல் விழுந்த வாய்போல இருந்தது. அது என் கண்ணை உறுத்தியது. மகள் பெயர் எனக்குத் தெரியும். நட்சத்திரம், ஒரு முறை கோயிலில் அர்ச்சனைக்குச் சொன்னது காதில் விழுந்திருந்தது. வேலை செய்யும் இடமும் தெரியும். நிரப்பினேன். யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. ஒளிந்து வாழும் பெண்ணைப் பற்றி வழிப்போக்கன் எழுதிய கடிதமும் இந்த வெறுமையும் ஒரே மாதத்தில் என் கையில் வந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அறிவு இருந்தது, பார்க்கவில்லை.

பட்டியலைக் கோப்புப் பகுதியில் ஏற்றிய அன்று இருபத்தாறு பேர் பாராட்டினார்கள். பம்பாய் உறுப்பினர் ஒருவர் அதை அங்குள்ள நம்மவர்கள் சிலருக்கும் அனுப்பிவைத்ததாக மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

ஐந்தாவது வாரம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் பட்டியலின் அச்சுப் பிரதி, அவருடைய வரியின் கீழ் யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்.

“இந்த மூணு கட்டத்தையும் நான் நிரப்பலை. யார் நிரப்பினா?”

“நான்தான் மாமி.”

“எதுக்காக்கும்?”

வெறுமையாக இருந்தது என்றேன். அந்தப் பதில் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. மருமகன் இரண்டு நாளாக டிராவல்ஸ் வாசலில் வந்து நிற்கிறான், இந்தக் காகிதத்தைத்தான் மகளிடம் நீட்டினான் என்று அவர் சொன்னார். முதல் நாள் மெதுவாகப் பேசினான். இரண்டாம் நாள் வாடிக்கையாளர்கள் முன்னால் அவள் கையைப் பிடித்து இழுத்தான். குடும்ப விவகாரம் தீரும்வரை வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

“எனக்குத் தெரியாது மாமி. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தேள்னா...”

“சொன்னேனே. மூணு கடுதாசி எழுதினேன். மூணுக்கும் எச்சரிக்கை குடுத்தேள்.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கிறவர்போல அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

“வைது எழுதினேன், வாஸ்தவம். பயந்துண்டு இருக்கறவாளுக்கு வணக்கம்லாம் ஞாபகம் வராது. நீங்க நல்ல வார்த்தையை மட்டும்தான் வாசிப்பேள்னு எனக்குத் தெரியலை.”

அவர் போனதும் கணினியைத் திறந்து அந்த வரியை முழுதாக நீக்கினேன். அதற்குள் எத்தனை பேர் எடுத்து வைத்திருந்தார்களோ. குழுவின் ஒப்புதல் இல்லாமல் கோப்பை ஏன் திருத்தினீர்கள் என்று அடுத்த நாளே விளக்கம் கேட்டு வந்தது. நடந்ததை எழுதினேன். முழுப் பட்டியலையும் எடுத்துவிட வேண்டும் என்றும் எழுதினேன். இழிசொல் ஒன்றுமில்லை, எல்லா ‘அவர்கள்’களும் இருந்தன. பதில்கள் வருத்தம் தெரிவித்தன. ஒரு குடும்பத்தின் துரதிர்ஷ்டத்துக்காக எழுபத்தொரு குடும்பங்களின் வசதியைக் கெடுக்க முடியுமா என்று பொறியாளர் பணிவோடு கேட்டார். அந்த அம்மா அவர்கள் சொந்தப் பெயரில் பதமாக எழுதியிருந்தால் எல்லோரும் காது கொடுத்திருப்பார்களே என்று கழக்கூட்டத்து இளைஞர் எழுதினார். அவர்தான் கடிதங்களைப் பூட்டி அனுப்பச் சொல்லிக்கொடுத்தவர். பட்டியல் அப்படியே இருந்தது. நான் விலகினேன். என் இடத்துக்கு வந்தவருக்கு விதிகளை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுத்தான் விலகினேன், அதையும் சொல்லியாக வேண்டும்.

மாமியும் மகளும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டைக் காலி செய்தார்கள். சிறிய வேன் ஒன்று வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன். எங்கே போனார்கள் என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. என் மனைவி வாசலில் நின்று கேட்டாளாம். மாமி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம், விடுமுறை நாள் ஒன்றில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு. பம்பாயிலிருந்து வருவதாகச் சொன்னார். பட்டியலில் தயாரித்தவர் என்று என் பெயரையும் முகவரியையும் நான் போட்டிருந்தேன். யாரோ உறவுக்காரர் என்று நினைத்து என் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்த பிறகுதான் தன் மனைவி, மாமியார் பெயரைச் சொல்லி எங்கே போயிருக்கிறார்கள் என்று விசாரித்தார்.

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

அவர் கோபப்படவில்லை. மிச்சக் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரை ஓரமாக வைத்தார். “உங்களைப் பார்த்து தேங்க்ஸ் சொல்லணும்னுதான் வந்தேன் சார். ரெண்டு வருஷமா தேடிண்டிருந்தேன். எவ்வளவு நீட்டா பண்ணியிருக்கேள். எங்க அசோசியேஷன்லகூட இப்படி ஒரு லிஸ்ட் கிடையாது.”

அவரை அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வெளியே போ என்றாவது சொல்லியிருக்கலாம். “இருக்கட்டும் சார்” என்றேன். எழுந்து வாசல்வரை போய் வழியனுப்பினேன்.