காதில் இறங்கிய சந்தனம்

அக்காவின் கணவரான பாவாவின் நண்பர் ஒருவர் துபாயிலிருந்து வந்தபோது, காதில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றைக் குழந்தைக்கென்று கொடுத்தார். அக்கா மகளுக்குத் திருத்தணி மலையில் மொட்டை போட வந்த அன்று பாவா அதைப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே மடித்து வைத்திருந்த தாள் முழுக்க ஆங்கிலம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். தாள் என் கைக்கு வந்தது. கூடவே வீட்டு டாக்டர் பதவியும் வந்தது.

பரீட்சைக்குப் போல உட்கார்ந்து படித்தேன். காதை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் உள்வழி நேராகும். முனைக் கண்ணாடி சுத்தமாக இருக்க வேண்டும். அழுத்திப் படுத்திருந்த காதில் சூடு கூடுதலாகக் காட்டும். மலைக்குக் கிளம்பும் முன்பே எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினேன். பாவா மட்டும் கவனமாகக் கேட்டார்.

மாலையில் குழந்தை சோர்ந்துபோய் அக்கா தோளில் சாய்ந்துவிட்டது. கவலை காய்ச்சலைப் பற்றி மட்டுமில்லை. கடைசி பஸ்ஸில் தங்கள் ஊரான பொதட்டூர்பேட்டைக்குக் கிளம்ப வேண்டும் என்றார் பாவா. மறுநாள் தறிக்கு நூல் சுற்ற அக்கா வேண்டும். அக்காவோ பிரசவத்துக்கு வந்துபோன பிறகு அம்மா வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. காய்ச்சல் என்றால் தங்கலாம். இல்லையென்றால் பஸ். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் என் கையிலிருந்ததையே பார்த்தார்கள்.

மேலே தெரிந்த காதில் வைத்தேன். தொண்ணூற்று நான்கு.

"பாத்தீங்களா அத்த, காச்சலே இல்ல" என்றார் பாவா.

"தொண்ணூத்தி நாலுன்னா கொழந்தைய ஐஸ் பொட்டியில இல்ல வெச்சிருக்கணும், மாப்ள?" என்றாள் அம்மா.

எடுத்துப் பார்த்தால் முனையெல்லாம் சந்தனம். மொட்டைத் தலையில் பூசியது வழிந்து காதுக்குள் இறங்கியிருந்தது. தாளை எழுதியவர்கள் அழுக்கு, ஈரம் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். திருத்தணியை யோசிக்கவில்லை.

முனையைத் துடைத்துவிட்டு, தோளில் பதிந்திருந்த காதில் வைத்தேன். நூற்று ஒன்று. அம்மா ராத்திரிக்கு உலை வைக்க எழுந்தாள். பாவா அவசரப்படவில்லை.

"அந்தக் காதத்தான் இம்மா நேரம் அழுத்திகினு இருந்தா. காலைல நீதான மச்சான் சொன்ன?"

சொன்னவன் நான்தான். மறுக்க முடியுமா? இரண்டு காதையும் துடைத்து, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சநேரம் பொறுத்துப் பார்ப்பதுதான் முறை என்றேன். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"ஆங், முறைப்படியே பாரு. இன்னா அவசரம்?"

அக்கா அவ்வளவு நிதானமாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. காது மடலின் ஒவ்வொரு மடிப்பையும் துணி நுனியால் துடைத்தாள். அப்புறம் ஈரம் காயட்டும் என்றாள். அப்புறம், தாளில் வேறென்ன போட்டிருக்கிறது, படி, கேட்கலாம் என்றாள். என் படிப்பை வீட்டில் யாரும் அவ்வளவு மதித்துக் கேட்டதில்லை. பேட்டரி மாற்றும் விதம்வரை உற்சாகமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். கடைசியில், "நீங்க முடிச்சிட்டு சொல்லுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டார்.

பிறகு பார்த்தேன். இரண்டு காதும் ஒன்றுபோலத் தொண்ணூற்றெட்டரை சொல்லின. குழந்தை எழுந்து வடை கேட்டது. பாவாவிடம் உண்மையைச் சொல்ல பஸ் ஸ்டாண்டுக்கு ஓடலாமென்று செருப்பைத் தேடினேன்.

"ஒக்காருடா" என்றாள் அக்கா. "பஸ்ஸு போயிருக்கும்."

ஒரு வாரம் கழித்து பாவா அழைத்துப்போக வந்தார். எங்கள் வீட்டுக்கென்று சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவந்திருந்தார். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, காதில் வைப்பதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இத அக்குள்ல வெச்சா போதும் அத்த" என்றார். "படிச்சவங்க யாரும் வேணாம்."

தாளை மட்டும் என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.