குரலைத் தொடாத ஆன்டிவைரஸ்

சென்ற வாரம் என் மகளுக்குப் புது லேப்டாப் வாங்கினோம். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை வந்தது. குனிந்து அதை இன்னொரு முறை முகர்ந்தேன். பிறகு, “இதுக்கு எந்த ஆன்டிவைரஸ்டி போடப் போற?” என்று கேட்டேன். “அதெல்லாம் உள்ளயே இருக்கும்மா” என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

உள்ளேயே இருக்கிறதாம். அதைச் சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் ஒரு குடும்பத்தையே நான் அழவைத்தது அவளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்த வாசனை என் முதல் வேலையின் வாசனை. டிப்ளமோ முடித்த கையோடு திருவண்ணாமலையில், தேரடித் தெருவை ஒட்டிய சந்தில், கம்ப்யூட்டர் விற்றுப் பழுதும் பார்க்கிற ஒரு கடையில் சேர்ந்தேன். முதலாளி அதற்கு முன் டி.வி. விற்றவர். கம்ப்யூட்டரையும் இத்தனை இஞ்ச் என்றுதான் விற்பார். தூசி ஆகாது என்று எல்லோரும் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். பௌர்ணமியன்று வெளியூர்க்காரர்கள் சிலர், இது செருப்பு விடுகிற இடம் என்று நினைத்து விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்வரை நாங்கள் காவல்.

எனக்கு வைரஸ் பற்றி அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தவள்போல முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும். முதல் இரண்டு மாதங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்படி முகத்தை வைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், கீழ்பென்னாத்தூர் ஏழுமலை வந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி. மீதி நேரத்தில் வேன் ஓட்டுவார். மூடப்பட்ட ஒரு பிரவுசிங் சென்டரின் பழைய கம்ப்யூட்டரை வாங்கியிருந்தார். “வைரஸ் உள்ள பூந்துடாமப் பாத்துக்கறதுக்கு எதுனா போட்டுக் குடும்மா” என்றார். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி ஒன்று மேசையில் கிடந்தது. அதில் பத்துப் பன்னிரண்டு ஆன்டிவைரஸ்கள். ஒன்றில் மட்டும் தங்க நிறக் கேடயம் போட்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. அதைப் போட்டுக் கொடுத்தேன். நான் தேர்ந்தெடுத்த லட்சணம் அவ்வளவுதான்.

நாலைந்து மாதம் கழித்து அவர் மனைவி தேவகி கடைக்கு போன் செய்தார். என்னை வாழ்க்கையில் முதன்முதலாக மேடம் என்று கூப்பிட்டவர் அவர்தான்.

“மேடம், பாப்பா கொரலு பூரா போயிடுச்சு மேடம்.”

“டாக்டருகிட்ட காட்டுனீங்களாக்கா?” என்றேன். எவ்வளவு பெரிய அறிவாளி பாருங்கள்.

அழுகைக்கு நடுவே அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவர்கள் மகள் பூவிழிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. மூன்று வயதில் ஆபரேஷன் செய்து காதுக்கு உள்ளே ஒரு கருவியும், வெளியே காதோரம் அதோடு சேர்ந்த இன்னொன்றும் வைத்திருந்தார்கள். அதன் பிறகுதான் அந்தக் குழந்தைக்கு உலகத்தில் சத்தம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. வேலூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர், “வீட்ல புள்ள சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் பதிவு பண்ணி எடுத்துக்கினு வாங்க” என்று சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் வாங்கியதே அதற்காகத்தான். இரண்டு வருடமாக, முதலில் கேசட்டிலும் பிறகு கம்ப்யூட்டரிலுமாக, தேவகி மைக்கைப் பிடித்தபடி ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்திருந்தார். கேசட்டில் இருந்ததையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, அதன்மேலேயே மறுபடி பதிவு செய்துவிட்டார். சொல்லுக்கு ஒரு ஃபைல், அறுநூறுக்கும் மேலே. அன்று காலை சிவப்பாக ஒரு ஜன்னல் திறந்து, உங்கள் கம்ப்யூட்டரில் முந்நூறு வைரஸ் இருக்கிறது என்று கத்தியிருக்கிறது. அதன் தலையில் ஒரு தங்கக் கேடயம். பிறகு பார்த்தால் எல்லா ஃபோல்டரும் காலி.

நான் போட்டது ஆன்டிவைரஸே இல்லை. அந்த வேடம் போட்ட திருடன்.

முதலாளியிடம் சொன்னேன். “கரண்டு ஏறி எறங்குச்சுன்னு சொல்லிடு. நாம போட்டதுன்னு மட்டும் வாயத் தொறக்காத” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்தக் கரண்டு வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டில் கம்ப்யூட்டரின் மேல் பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. தேவகி துணியை விலக்கிய விதத்தைப் பார்த்ததும் வசனம் மறந்துவிட்டது. “அக்கா, இந்தத் திருட்டு ஆன்டிவைரஸ நான்தான் போட்டேன். தெரியாமப் போட்டுட்டேன்” என்றேன்.

“தெரியும் மேடம். அதான் உங்களையே கூப்ட்டேன்” என்றார் தேவகி. “வேற யாருனா வந்தா, எல்லாம் போச்சுன்னு சொல்லிட்டுப் பூடுவாங்க. நீங்க அப்டிப் போவ மாட்டீங்க.”

அதற்குப் பிறகு திரும்பிப் போக எனக்கு வழியில்லை. உட்கார்ந்தேன். ஃபோல்டரைத் திறந்தேன், காலி. மூடித் திறந்தேன், காலி. ஏழுமலை வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்தேன். எதையாவது செய்கிறேன் என்று காட்டத்தான் பாதியும். அப்படிக் காட்டும்போது தற்செயலாகத்தான் அதைப் பார்த்தேன். டிஸ்க் முக்கால்வாசி நிரம்பியிருப்பதாகக் காட்டியது. உள்ளே ஒன்றுமில்லை என்றால் எது நிரப்பியிருக்கிறது?

என் டைரியில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். மறைத்து வைத்த ஃபைலை வெளியே கொண்டுவருகிற ஆணை. பிரவுசிங் சென்டரில் எங்கேயோ படித்து, அர்த்தம் முழுக்கப் புரியாமலே குறித்தது. ஆணை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, அதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். என்டர் தட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கோடு மட்டும் மினுக்கியது. பிறகு கோடு அடுத்த வரிக்கு இறங்கியது.

ஃபோல்டரைத் திறந்தேன். amma1. amma2. thanni. maadu. velakku. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. ஒன்றுகூடப் போகவில்லை. அத்தனையும் அங்கேயேதான், எங்கள் கண்ணுக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

“போடுங்க மேடம்” என்றார் தேவகி. முதல் ஃபைலைத் தட்டினேன்.

‘ம்ப்பா.’

அவ்வளவுதான். மூச்சைக் கூட்டி, உதட்டை முட்டி, எங்கேயோ அடிவயிற்றிலிருந்து இழுத்து வந்த ஒரு சத்தம். அது அம்மா என்று எனக்குத் தெரியவில்லை. தேவகிக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்தது, அதற்கடுத்தது என்று தட்டிக்கொண்டே போனேன். ‘ம்ப்மா.’ ‘அம்ப்மா.’ பதினேழாவது ஃபைலிலோ என்னவோ, திடீரென்று சுத்தமாக, ‘அம்மா’. நான் கோபுரத்தை, கார்த்திகை தீபத்தை, மலையை எல்லாம் பார்த்து வளர்ந்தவள். ஆனால் உடம்பெல்லாம் சிலிர்த்தது அன்றுதான். நாம் எல்லோரும் சும்மா பேசிக்கொண்டிருக்கிறோமே, இந்தப் பேச்சு எவ்வளவு பெரிய விஷயம்!

எப்போது வந்தாள் என்று தெரியாது, ஐந்து வயதுப் பூவிழி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். காதோரம் அந்தக் கருவி. ஸ்பீக்கரையே பார்த்துவிட்டு, ‘ரு’ இன்னும் வராத நாக்கோடு நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்: “யாது... இந்த... பாப்பா?”

வாசற்படியிலிருந்து ஏழுமலை, “நீதான்டி” என்றார். அப்போதுதான் உள்ளே வந்தார்.

அவர் வேனிலேயே கம்ப்யூட்டரைக் கடைக்கு ஏற்றிவந்தோம். “இந்த வாட்டி மூணு போட்டுடும்மா. ஒண்ணு தூங்கினாலும் இன்னொண்ணு பாத்துக்கும்” என்றார். மூன்றையும் போட்டால் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொள்ளும் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தேவகி கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நல்லது எது, ஒசந்தது எதுன்னு எனக்கு வாணாம் மேடம். எது என் பொண்ணு கொரல தொடாதோ, அத்தப் போடுங்க.”

ஆன்டிவைரஸைத் தேர்ந்தெடுக்க இதைவிடத் தெளிவான இலக்கணத்தை அதன் பிறகு இத்தனை வருடத்தில் நான் எங்கும் படித்ததில்லை.

ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். கடையின் பழைய கம்ப்யூட்டரில் பூவிழியின் ஃபைல்களை நகலெடுத்துப் போட்டு, வைரஸ் பிடித்த பென் டிரைவைச் செருகி, ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒன்று வைரஸோடு சேர்த்துப் பக்கத்திலிருந்த சொற்களையும் கேட்காமலே அழித்தது. இன்னொன்று தினமும் இன்டர்நெட் கேட்டது. அவர்கள் வீட்டில் அது இல்லை. மூன்றாவதைப் போட்டதும் கம்ப்யூட்டர் எழுந்து நிற்கவே கால்மணி நேரம் ஆனது. நான்காவது, ‘இதை என்ன செய்யட்டும்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது. அந்த மரியாதை எனக்குப் பிடித்துவிட்டது. அதையே போட்டேன். குரல்களை சிடிகளிலும் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு சனிக்கிழமைதோறும் புது வைரஸ்களின் பட்டியலைப் பென் டிரைவில் ஏற்றி ஏழுமலையிடம் கொடுப்பேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே அது கீழ்பென்னாத்தூர் போகும். எனக்குக் கல்யாணமாகி வேலையை விடும்வரை இது நடந்தது.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் மொபைலுக்கு உறை விற்கிறார்கள். உள்ளே செருப்போடே போகலாம்.

போன மாதம் அவலூர்பேட்டை போகிற பஸ்ஸில் ஒரு பெண் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். “நிக்கும்னு சொல்லித்தான ஏத்துனீங்க? இப்ப நிக்காதுன்னா இன்னா அர்த்தம்?” பஸ்ஸே அவள் பக்கம். தலையைத் திருப்பினாள், காதோரம் கருவி தெரிந்தது. பக்கத்தில் நரைத்த தலையோடு தேவகி.

என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். “காலேஜ் படிக்கிறா மேடம். ஒரு நாளைக்கு நாலு வாட்டி வாய மூடுடின்னு சொல்றேன், கேட்டாத்தான!”

அந்தப் பதிவுகளைப் பற்றிக் கேட்டேன்.

“கம்ப்யூட்டரு எப்பவோ பழைய இரும்புக்குப் போச்சு. அந்த சிடிங்கள, மல்லாட்டக் கொல்லையில மயிலு எறங்குதுன்னு, வூட்டுக்காரரு கவுத்துல கட்டித் தொங்க வுட்டுட்டாரு. நல்லா மின்னுச்சு மேடம். மயிலு வர்லயே” என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவருக்கு ஒன்றுமில்லை.

சண்டையில் பூவிழி ஜெயித்துவிட்டாள். பஸ் நின்றது. “ம்மா, எறங்கு, எறங்கு, அப்புறம் பேசலாம்” என்று இழுத்துக்கொண்டு போனாள். பஸ் கிளம்பிய பிறகு மனசுக்குள் தேடிப் பார்த்தேன். அந்த ‘ம்ப்பா’ இப்போது உலகத்தில் எங்கும் இல்லை. எந்தக் கறுப்புத் திரையில் எந்த வரியை அடித்தாலும் அது வராது.