கிணற்றுக்குப் போகும் பாதை

ஊர்க் கிணற்றைக் கடவுள் ஒருவருக்கு மட்டும் கொடுப்பாரா?

எண்ணூர் அருகே ஊரே சேர்ந்து பயிரிட்ட பொது நிலத்தை 1951இல் சாமி முன் திருவுளச் சீட்டுப் போட்டுப் பங்கு பிரித்தார்கள். கிணறு நாட்டாண்மை ஏகாம்பரத்துக்கு விழுந்தது. விதவை கன்னியம்மாளுக்குக் கிடைத்ததோ கிணற்றுக்குப் போகும் ஒரே பாதை. ஊர் சிரித்தது.

ஏகாம்பரம் கிணற்றடியை வேலியடைத்துப் பூட்டினார். தண்ணீர் கேட்டவர்களிடம், “சாமி எனக்குக் குட்த்தது” என்றார்.

கன்னியம்மாள் பாதை முழுக்கக் கத்தரி நாற்று நட்டாள். காலையில் ஏற்றம் இறைக்க மாட்டோடு வந்த ஏகாம்பரம் திகைத்தார்.

“இன்னாம்மே, வழில நட்டுகினு கீற?”

“வழி என்னுது நைனா. அதே சாமி குட்த்தது. மிதிச்சா கோச்சுக்கும்.”

மாலைக்குள் பூட்டுக் கழன்றது. நாற்றும் ஓரமாக நகர்ந்தது.

உங்கள் ஊர்ப் பொதுக்கிணற்றிலும் பூட்டுத் தொங்குகிறதா? சாமியிடம் முறையிடாதீர்கள். நாலு பேரைக் கூட்டிப் போய்க் கழற்றுங்கள்.